மறுமுனையில் ஒரு கொக்கி

அந்தக் கல்லூரியில் உழைக்கும் மாணவர் நல்வாழ்வுக் குழு ஏற்படுவதற்கு முன்னால், உழைக்கும் மாணவர்கள் ஏதோ கஷ்டப்பட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். குழு வந்த பிறகு கஷ்டம் மட்டும் மிஞ்சியது. படிக்க நேரமில்லாமல் போயிற்று.

குழு என்றால் மூன்று பேர். ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். உறுப்பினர்களில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், இன்னொருவர் கொட்டாவி விடுவார். தலைவர் பேசுவார். மாதம் இரண்டு முறை, வேலை நாளில், காலை பதினோரு மணிக்குக் கூடுவார்கள். வேலை செய்கிறவர்களின் குறையை வேலை நேரத்தில் கூப்பிட்டுக் கேட்டால் எப்படி வருவது என்று ஒருவன் எழுதிப் போட்டானாம். அதை ஒரு குறையாகப் பதிவு செய்துகொண்டு, விசாரணைக்கு அடுத்த கூட்டத்தன்று பதினோரு மணிக்கு அவனை வரச் சொன்னார்கள். அவன் வரவில்லை. குறை தீர்ந்தது என்று எழுதி மூடினார்கள்.

மடிப்புக்காரி இந்தக் குழுவிடம் மாட்டியது அவளுடைய படிப்பின் ஏழாவது வருஷத்தில்.

அவள் வேலை பார்த்தது ஒரு சலவை ஆலையில். ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதி விரிப்பு, போர்வை, திரைச்சீலை எல்லாம் அழுக்கு மூட்டையாக ஒரு வாசலில் வந்து, வெள்ளை அடுக்காக இன்னொரு வாசலில் போகும். நடுவில் துவைக்கும் உருளைகள், பிழியும் தொட்டி, சூட்டில் தேய்த்துத் தள்ளும் ஆவி உருளை. ஆவி உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். ஒரு ஆள் மடித்தால் அது மடிப்பல்ல, சுருட்டல்.

அவளுக்கு மறுமுனை பிடித்தது ஒரு அக்கா. ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம். எழுத்து தெரியாது. ஆனால் நான்கு மூலையும் நூல் பிசகாமல் சேர்ப்பதில் அந்த ஆலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. துண்டுக் காகிதம் கையில் கிடைத்தாலும் நாலாக மடித்து மூலை பார்த்துத்தான் பைக்குள் வைப்பாள். எல்லோரும் அவளை ஜோடியக்கா என்பார்கள்.

கல்லூரியில் வேலை செய்வோர் பிரிவு என்று தனியாக ஒன்று உண்டு. வகுப்பு மாலை நான்கு மணிக்குத் தொடங்கும். ஊரில் எந்த வேலையும் ஐந்துக்கு முன்னால் விடுவதில்லை. நான்கு மணிக்கே வேலை முடிந்து வருகிற உழைப்பாளி யார் என்று பார்த்தால், அந்தப் பிரிவின் ஆசிரியர்கள்தான்.

ஆகையால் மடிப்புக்காரி மூன்றரைக்கே நழுவ வேண்டியிருந்தது. முதல் வருஷம் ஆளாளுக்கு ஓடி வந்து அவள் முனையைப் பிடித்தார்கள். அவரவர் வேலை கெட்டது. கொதிகலன் பார்க்கிற ஆவியண்ணன் ஒருநாள் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் சுவரில் தோள் உயரத்துக்கு இரண்டு இரும்புக் கொக்கிகளை அடித்து, துணி கிழியாமல் இருக்க ரப்பர் குழாய் மாட்டிவிட்டார். பெரிய கொக்கியில் விரிப்பின் இரண்டு மூலையையும் மாட்டிவிட்டு அக்கா எதிரே நின்று இழுத்து, நடந்து, மடித்து, திரும்ப வந்து மாட்டி, மறுபடி மடிப்பாள். சின்னக் கொக்கி தலையணை உறைக்கு.

"கொக்கி உன்னைவிடப் பரவால்ல. வாய் பேசாது. தளர விடாது," என்றாள் அக்கா.

"அப்ப அதையே ஜோடியா வெச்சுக்கங்க."

"வெச்சுக்கலாம். கேள்வி கேக்க மாட்டேங்குதே."

கேள்வி என்றால் பாடக் கேள்வி. ஒரு விரிப்பை மடிக்க இருவரும் மூன்று முறை எதிரும் புதிருமாக நடந்து சேர வேண்டும். முதல் நடையில் அக்கா கேட்பாள், இரண்டாவது நடையில் இவள் சொல்வாள், மூன்றாவது நடையில் விரல்கள் சேரும்போது அக்கா சரி என்பாள் அல்லது உதட்டைப் பிதுக்குவாள். கேள்விகளை இவள்தான் காலையில் அக்காவுக்குப் பதிலோடு சேர்த்துச் சொல்லித் தருவாள். ஒருமுறை கேட்டால் அக்காவுக்குப் பிசகாது. ஏழு வருஷத்தில், கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பொம்பளை முழுப் பட்டப்படிப்பையும் காதால் முடித்துவிட்டாள். தொழிற்சங்கம் என்றால் என்ன என்பதற்குப் புத்தகத்தில் ஆறு வரி இருந்தது. தனியா மடிக்க முடியாததைச் சேர்ந்து மடிக்கிறது, அவ்வளவுதானே என்றாள் அக்கா. மடிப்புக்காரி அதைத் தேர்வில் எழுதினாள். அரை மதிப்பெண் குறைத்தார்கள்.

ஆலையில் எல்லோருக்கும் இந்தப் படிப்பில் ஒரு பங்கு இருந்தது. ஆவியண்ணன் மதியச் சாப்பாட்டு வேளையில் கொதிகலன் அறையில் ஒரு பெஞ்சைத் துடைத்து வைப்பார். கிழிசல் தைக்கிற பெண் பழைய திரைத்துணியில் புத்தகப் பை தைத்துக் கொடுத்தாள். விசில் என்று எல்லோரும் கூப்பிடுகிற மேற்பார்வையாளர்கூட, மூன்றரை மணிக்கு ஒரு சோலி இருப்பதுபோல மறுபக்கம் போய்விடுவார். பெரிய உதவிதான். பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு மனசு வேண்டும்.

இவளுடைய புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பேச்சு கம்மி. அவர்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். சமையலறைத் தொட்டியின் மேல் குறுக்காக ஒரு பலகையைப் போட்டு, இரண்டு பக்கமும் திருகாணி முடுக்கி, விடியற்காலையில் அவள் படிக்க மேசை ஆக்கிக் கொடுத்திருந்தான். பாத்திரம் கழுவ வேண்டுமானால் படிப்பை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் அவனே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளிக் குழாய்க்குப் போய்விடுவான்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு கைகள் சேர்ந்து தூக்கியதில், ஏழாவது வருஷம் ஒரே ஒரு தாள் பாக்கி நின்றது. தொழிலாளர் நலன் என்று அதற்குப் பெயர். வேலை செய்வோர் பிரிவில் ஏழு வருஷத்துக்குள் எல்லாத் தாளையும் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் முதல் வருஷத்திலிருந்து பாஸ் ஆனதெல்லாம் ரத்து. கல்லூரியின் விதி அது. படித்தது மண்டைக்குள் இருக்குமே, அதையும் ரத்து செய்ய வழி உண்டா என்று தெரியவில்லை.

அந்த வருஷத்தில்தான் குழு வந்தது.

தேர்வு எழுத வேண்டுமானால் அவள் உழைக்கும் மாணவி என்று குழு முன் நேரில் நிரூபிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. ஆலையில் மூன்று மாதத்துக்கு மூன்று நாள் விடுப்பு. நாலாவது நாள் வராவிட்டால் நிரந்தரப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். முதல் விடுப்பைப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் போய் நின்றாள்.

தலைவர் அவளுடைய பணிச் சான்றைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேலை நேரம் எட்டிலேர்ந்து அஞ்சுன்னு போட்டிருக்கு. இப்ப மணி பதினொண்ணு."

"ஆமாங்கய்யா."

"அப்ப நீங்க இப்ப வேலையில இல்ல."

"நீங்க வரச் சொன்னீங்க."

"நான் உங்க நல்லதுக்குத்தாம்மா கேக்கறேன். வேலையில இல்லாதவங்களை உழைக்கும் மாணவின்னு நான் எப்படி எழுதறது?"

கண்ணாடி உறுப்பினர் துடைப்பதை நிறுத்திவிட்டு ஒரு வழி சொன்னார். அவள் இங்கே வந்ததனால்தான் அங்கே இல்லை என்று ஆலையிலிருந்து ஒரு சான்று, ஆலையில் இல்லாதபோது இங்கேதான் இருந்தாள் என்று குழுவிடமிருந்து ஒரு சான்று, இரண்டையும் சேர்த்துக் குழு முன் நேரில் வந்து கொடுக்கலாம். அதற்கு இரண்டாவது விடுப்பு போயிற்று.

மூன்றாவதை உழைக்கும் மாணவர் தினம் தின்றது. எல்லா உழைக்கும் மாணவர்களும் கட்டாயம் வர வேண்டும், வராதவர்கள் தேர்வு எழுத முடியாது. வேலையை விட்டு வந்திருந்த நாற்பது பேர் முன்னால் தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். ஒரு மாணவர்கூடப் படிப்புக்காக வேலையை விட்டு வரக்கூடாது, அதுதான் இந்தக் குழுவின் கனவு என்றார். கைதட்டல் போதவில்லை என்று கொட்டாவி உறுப்பினர் மறுபடி தட்டச் சொன்னார்.

ஆக, தேர்வு நாள் வந்தபோது விடுப்பு தீர்ந்திருந்தது.

தேர்வு ஒரு வியாழக்கிழமை, காலை பத்திலிருந்து ஒன்று வரை. புதன்கிழமை மதியம் பெஞ்சில் உட்கார்ந்து அவள் சாப்பிடாமல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையா, தாளா, ரெண்டில் ஒன்று என்றாள். அக்கா டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு. உன் வில்லை என்கிட்ட இருக்கட்டும்."

வில்லை என்பது பித்தளையில் எண் பொறித்த காசு மாதிரி ஒன்று. ஆலை வாசலில் இரண்டு பலகைகள் உண்டு. ஒன்றில் வெளியே என்றும் இன்னொன்றில் உள்ளே என்றும் எழுதியிருக்கும். காலையில் அவரவர் வில்லையை எடுத்து உள்ளே பலகையில் மாட்ட வேண்டும். எட்டரைக்கு எழுத்தர் வந்து எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வார். வில்லை உள்ளே தொங்கினால் ஆள் உள்ளே.

"மாட்டிக்கிட்டா உங்களுக்குத்தானே வம்பு," என்றாள் மடிப்புக்காரி.

"முப்பத்தோரு வருஷமா தப்பு பண்ணாம இருந்ததுக்கு ஒருத்தனும் ஒண்ணும் குடுக்கல. போய் எழுதிட்டு வா."

வியாழக்கிழமை அவள் பத்து மணிக்குத் தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்தாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் அக்கா எதிரே நடந்து வருவதுபோல இருந்தது. ஒவ்வொரு கேள்வியும் அக்கா குரலில் கேட்டது. எழுதி முடித்தபோது கடைசி மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

அதே மூன்று மணி நேரமும், அதற்கு மேலும், அக்கா கொக்கியோடு மடித்துக்கொண்டிருந்தாள். ஜோடியின் எண்ணிக்கை குறைந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க நிற்கவில்லை. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு விரிப்பு. இரண்டு ஆள் நின்றால்கூட முந்நூற்று ஐம்பதைத் தாண்டியதில்லை. பயத்தில் எண்ணிக்கை கூடிப்போய்விட்டது. குறையக் கூடாது என்று நினைத்தவளுக்கு, கூடவும் கூடாது என்று யார் சொல்லித் தருவது?

ஆலை நிர்வாகம் அசந்துபோய், அந்த மாதத்தின் சிறந்த ஜோடி என்று இருவருக்கும் ஆளுக்கொரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. பொன் ஓரம், சிவப்பு முத்திரை, இரண்டு பேருடைய எண், தேதி, நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுத்தாலும் எண்ணாலும். விசில் மேடையில் அதைக் கொடுக்கும்போது மடிப்புக்காரியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அவள் தன் பத்திரத்தை வீட்டில் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அதிலிருந்தது தேர்வு எழுதிய அதே வியாழக்கிழமையின் தேதி. அக்காவிடம் இதை வெளியே காட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தோரு வருஷத்தில் அக்காவுக்குக் கிடைத்த முதல் காகிதம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு கல்லூரியிலிருந்து இன்னொரு கடிதம். தேர்வு முடிவு வெளியாக வேண்டுமானால் பணிச் சான்றைப் புதுப்பித்துக் குழு அலுவலகத்தில் தர வேண்டும். இந்த முறை ஆள் யாராக இருந்தாலும் பரவாயில்லை, காகிதம் வந்தால் போதும். அக்காவுக்கு அன்று வார ஓய்வு. கவரை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தாள். குடுத்தாச்சா என்று கேட்டதற்கு, பலமாவே குடுத்தாச்சு என்று சிரித்தாள். மடிப்புக்காரிக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை.

புரிந்தது மூன்று வாரம் கழித்து, பதினோரு மணிக்கு, குழுவின் முன்னால்.

புது மூன்று மாதம் தொடங்கி, அதன் முதல் விடுப்பைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். தலைவரின் மேசையில் ஒரு காகிதம் விரித்துக் கிடந்தது. பொன் ஓரம். நடுவில் சிலுவை மாதிரி மடிப்புத் தடம். நாலாக மடித்து, நான்கு மூலையும் நூல் பிசகாமல் சேர்த்திருந்த தடம். அது யாருடைய பத்திரம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடையதில் மடிப்பே கிடையாது.

அந்தக் குழு தனக்கு வந்த எந்தக் காகிதத்தையும் படித்ததில்லை. இதைப் படித்ததற்குக் காரணம் அந்தப் பொன் ஓரம்தான்.

"பாருங்கம்மா," என்றார் தலைவர். "எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் கிடையாது. ஒரு உடம்பு ரெண்டு இடத்துல இருக்க முடியாது. அன்னைக்கு நீங்க ஆலையில இருந்ததுக்கு முத்திரை இருக்கு. தேர்வுக்கூடத்துல இருந்ததுக்கு என்ன இருக்கு?"

"தாள் எழுதியிருக்கேன் ஐயா. என் கையெழுத்து."

"கையெழுத்தை யார் வேணும்னாலும் போடலாம். முத்திரையை யார் வேணும்னாலும் போட முடியுமா?"

தேர்வுக்கூடத்தில் நின்ற கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்கள். அவர் அவளைச் சுற்றி வந்து பார்த்தார். இவர் மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தது உண்மைதான், ஆனால் தனக்கு நுழைவுச் சீட்டைப் பார்க்கத்தான் உத்தரவு, முகத்தைப் பார்க்க உத்தரவில்லை என்றார். குழு அவருடைய கடமை உணர்வைப் பாராட்டிப் பதிவு செய்தது.

கண்ணாடி உறுப்பினருக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கேள்வித்தாளை எடுத்து, அதிலிருந்தே கேள்வி கேட்டுப் பார்ப்போம் என்றார். கேட்டார். அவள் சொன்னாள். பன்னிரண்டு கேள்விக்கும் ஒரு வார்த்தை தப்பாமல் சொன்னாள். தொழிற்சங்கத்துக்கு மட்டும் இந்த முறை புத்தகத்தில் உள்ள ஆறு வரியைச் சொன்னாள்.

உறுப்பினர் கண்ணாடியைத் துடைத்தார். "எழுதினவங்க உங்களுக்கு நல்லாவே சொல்லிக் குடுத்திருக்காங்க."

எழுதியவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர் என்றார் தலைவர். அந்தத் தாளில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் அதற்குத்தானாம்.

முதல் மதிப்பெண் என்ற சொல் அறைக்குள் பறந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றியது.

"இதுக்கு வழியே இல்லையாங்கய்யா?"

"ஏன் இல்ல? வழிக்குத்தானே குழுவே இருக்கு." தலைவர் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "அன்னைக்கு ஆலையில உங்க இடத்துல யார் இருந்தாங்க, உங்க வருகையை யார் போட்டாங்கன்னு பேரோட எழுதிக் குடுங்க. நாங்க ஆலைக்கு அனுப்பி வெப்போம், தக்க நடவடிக்கைக்கு. அவங்க நடவடிக்கை எடுத்துட்டோம்னு பதில் போட்டதும் உங்க தாள் உங்களுடையது ஆயிடும்."

"அவங்க வேலை போயிடுமே."

"அதை ஆலையோட நல்வாழ்வுக் குழு பாத்துக்கும்."

ஆலையில் அவள் இடத்தில் இருந்தது யார்? ஒரு கொக்கி. கொக்கியின் பெயரை எழுதினால் நடவடிக்கை எடுக்க முடியாது. அதை அடித்தவர் பெயர் வேண்டும். மூலையை மாட்டியவள் பெயர் வேண்டும். வில்லையைத் தொட்டது எந்தக் கை என்று வேண்டும். தினமும் ஆயிரம் முறை தன் விரலோடு சேர்கிற கை.

மேசை மேலிருந்த பத்திரத்தை இன்னொரு முறை பார்த்தாள். அக்கா வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றிருப்பாள். பையிலிருந்து இதை எடுத்திருப்பாள். ஒரு காகிதத்துக்கு இரண்டு காகிதமாகப் போகட்டும் என்று தன்னுடையதை வைத்திருப்பாள். இவளுடையது இவள் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும் என்று.

பேனாவை எடுத்தாள். அன்று நான் வேலையில் இருந்தேன் என்று எழுதினாள். தேர்வுக்கூடத்தில் இருந்தது நான் அல்ல என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

கொட்டாவி உறுப்பினர் அன்றைக்கு முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு தாளைப் பார்த்தார். விடைத்தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு எழுத்தும் ஒண்ணாவே இருக்கே," என்றார்.

"இருக்கத்தான் செய்யும்," என்றார் தலைவர். "ஆள்மாறாட்டம் பண்றவங்க எழுத்தைப் பழகிட்டுத்தான் வருவாங்க."

அப்படியே தீர்மானம் எழுதப்பட்டது. தேர்வு எழுதியவர், அடையாளம் தெரியாத நபர். மாணவி தேர்வுக்கு வரவில்லை. ஏழு வருஷம் முடிந்துவிட்டபடியால் முந்தைய தாள்கள் அனைத்தும் ரத்து. உண்மையை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்ததற்காக மாணவிக்குக் குழுவின் பாராட்டு. வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் எழுத்தர் ஒரு தாளைக் குத்திக்கொண்டிருந்தார். அடையாளம் தெரியாத நபர் பதினைந்து நாட்களுக்குள், வேலை நாளில், பதினோரு மணிக்கு, தக்க அடையாளத்துடன் குழு முன் வர வேண்டும்.

வீட்டுக்குப் போக மனமில்லாமல் அவள் ஆலைக்கே போனாள். விடுப்பு நாள்தான். ஆனாலும் கால் அங்கேதான் போயிற்று. அக்காவிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. கண்ணில் அதுவரை நின்றது அப்போது இறங்கியது. அக்கா விரிப்பைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து முகத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"பாஸா?"

யாரோ துவைக்கும் உருளையை நிறுத்தினார்கள். ஆவியண்ணன் வாசலில் நின்றார். கிழிசல் தைக்கிறவள் ஊசியோடு எழுந்து நின்றாள். விசில்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவள் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பார்த்தவர்களுக்கு மேலும் கீழுமாகத்தான் தெரிந்தது.

புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவன் வெகுநேரம் திருகுளியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"பலகையை எடுத்துடவா?"

"இருக்கட்டும்."

ஆலையில் யாரும் சும்மா இருக்கவில்லை. பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு அங்கி வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கழித்த விரிப்புகள் நான்கை ஆவியண்ணன் சாயத்தொட்டியில் போட்டு மூன்று முறை முக்கி எடுத்தார். தைக்கிறவள் அளவு கேட்காமலே தைத்தாள். தினமும் பார்க்கிற தோள்தானே. அக்கா அதை மடித்துக் கொடுத்தாள். விரித்துப் பார்த்தால் முதுகின் உள்பக்கம், கழித்தது என்ற ஆலை முத்திரை சாயத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. உள்பக்கம்தானே, யார் பாக்கப் போறா என்றாள் அக்கா.

விழா ஒரு வேலை நாளில், பதினோரு மணிக்கு. அக்கா விடுப்புப் போட விடவில்லை.

"விடுப்பை வீணாக்காத. கொக்கி இருக்கு. வில்லை நான் பாத்துக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல இவளிடம் ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்கத்தான் ஏழு வருஷத்தைக் கொடுத்திருந்தாள். வாசல் வரை எல்லோரும் வந்தார்கள். அங்கியைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்து கையாட்டிவிட்டு, பஸ் ஏறி, கல்லூரிக்கு எதிர்ப்பக்கம் இருந்த பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது? அந்த உடுப்போடு வேறு எங்கே உட்கார்ந்தாலும் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

ஒலிபெருக்கி சாலை தாண்டிக் கேட்டது. நல்வாழ்வுக் குழுத் தலைவர் ஆண்டறிக்கை வாசித்தார். குழு தொடங்கும்போது உழைக்கும் மாணவர்களிடமிருந்து நாற்பது குறைகள் வந்திருந்தன, இந்த ஆண்டு ஒரு குறைகூட இல்லை என்றார். உழைக்கும் மாணவர்களே இந்த ஆண்டு இல்லை என்பதையும் அதே பெருமையோடு சொன்னார். இனி ஒருவரும் வேலையை விட்டு இங்கே வரத் தேவையில்லை, குழுவின் கனவு நனவாகிவிட்டது. கைதட்டினார்கள்.

பிறகு பரிசுகள். தொழிலாளர் நலன் தாளுக்கு எவரோ ஒரு கொடையாளி பரிசு வைத்திருந்தார். ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றவரை மேடையில் அறிவித்தே ஆக வேண்டும் என்பது கொடையின் நிபந்தனை. நிபந்தனையை மீறக் கல்லூரிக்குத் துணிவில்லை.

"தொழிலாளர் நலன், முதல் பரிசு," என்றது ஒலிபெருக்கி. "அடையாளம் தெரியாத நபர்."

பிறகு, பெயர் வாசித்தால் தட்டிப் பழகிய கைகள் தட்டின. மண்டபம் முழுக்கத் தட்டியது.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அங்கியைப் பார்த்தார். "உள்ள போகலையாம்மா? கூப்பிடறாங்க போலிருக்கே."

"வேற ஒருத்தங்களை," என்றாள்.

மூன்று மணிக்கு ஆலைக்குத் திரும்பினாள். அங்கியைக் கழற்றிப் பையில் வைத்தாள். உள்ளே பலகையில் அவள் வில்லை காலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா வேர்த்துப்போய், பாதி மடித்த விரிப்போடு நின்றாள். அவள் போய்க் கொக்கியிலிருந்து இரண்டு மூலையையும் கழற்றித் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் நடந்தார்கள்.

"கை தட்டினாங்களா?" என்றாள் அக்கா முதல் நடையில்.

"தட்டினாங்கக்கா. மண்டபம் முழுக்க."

இரண்டாவது நடையில் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது நடையில் விரல்கள் சேர்ந்தன. அக்கா மூலையைப் பார்த்தாள், நூல் பிசகவில்லை.

"அடுத்து என்ன படிக்கப் போற? ஆவிகிட்ட சொல்லிட்டேன், கொக்கியைப் பிடுங்க வேண்டாம்னு."

ஆவி உருளை அடுத்த விரிப்பைத் தள்ளியது. மடிப்புக்காரி அதன் முனையைப் பிடித்து, தளராமல் இழுத்தாள்.

"இருக்கட்டும்க்கா," என்றாள்.